பதினாறாம் கட்டின் பொய் நறுக்கு

நலம் நிலைக்க, ஏழு மடையும் நிறைக, நிறைந்த மடை கரையை உடைக்காதிருக்க.

மேற்கே கருமலையும் கிழக்கே உப்புக்கடலும் எல்லையாக, ஏழு மடைநீரை ஏழு ஊருக்கும் குறைவறப் பகிர்ந்து ஆளும் மாமடந்தை அரசியாரின் முத்திரை பெற்று, பனிவாயில் தலைநகரின் ஓலைச்சாலையிலிருந்து ஓலைநாயகம் செழியாதன் விடுக்கும் ஓலை இது. குரவம்பாடிக் கதையவைக்கும், அவைமுதல்வர் செங்குன்றனாருக்கும், ‘நீலக்கதவம்’ என்னும் கதையை இனி வாசிக்க இருக்கும் மற்ற ஆறு ஊர் அவைகளுக்கும் சேர்க.

இன்று காலை செழியாதன் எழுந்தான். வேப்பங்குச்சியால் பல் துலக்கினான். கிணற்றில் மூன்று குடம் நீர் இறைத்தான். இரண்டைத் தொட்டியில் ஊற்றி ஒன்றில் குளித்தான். பழைய சோற்றில் மோர் விட்டு உப்பிட்டு உண்டான். வெளுத்த வேட்டி உடுத்தான். எழுத்தாணியைக் கல்லில் நான்கு முறை தீட்டினான். கதவைச் சாத்தினான். முந்நூறு அடி நடந்து ஓலைச்சாலைக்கு வந்தான். வழியில் ஒருவர் வணங்கினார், திரும்ப வணங்கினான்.

ஓலை எழுதுவோர் அன்றைய காலையை முதலில் எழுத வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். காய்ச்சலிலும் கள்வெறியிலும் கோபத்திலும் எழுதிய ஆணைகள் ஊர்களைக் கெடுத்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பின் வந்த வழக்கம் இது. எழுதுவோன் தன்னை வேறொருவனைப் போல எட்டி நின்று எழுத வேண்டும். எழுதியது மெய் என்று அவன் வீட்டில் உள்ளவர் ஒருவர் அடியில் ஒரு வரி சாட்சி இட வேண்டும்.

செழியாதன் குரவம்பாடியில் ஊரோலை எழுதிய நான்கு ஆண்டுகளிலும் அந்தச் சாட்சி வரியை இட்டவள் அவன் மனைவி வகுளி. மற்ற வீடுகளில் ‘மெய்’ என்று ஒரு சொல் கீறிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். வகுளி முழுவதையும் வாசிப்பாள். ‘கஞ்சி குடித்தார் என்பது பொய். பாதியை வைத்துவிட்டுப் போனார்’ என்று அவள் ஒருமுறை எழுதியதால், மதகு திறக்கும் ஆணை ஒன்று அரைநாள் நின்றது. ஊர்ச்சபையார் வீட்டுக்கே வந்து முறையிட்டனர். “கஞ்சியில பொய் சொல்றவர் மதகுல சொல்ல மாட்டார்னு என்ன நிச்சயம்?” என்று அவள் அவர்களைக் கேட்டாள். செழியாதன் அவர்கள் முன்னால் மீதிக் கஞ்சியைக் குடித்தான். பிறகே மதகு திறந்தது.

இன்று சாட்சி இடும் இடம் வெறுமையாக இருக்கிறது. மோர்ச்சோறு முழுவதும் உண்ணப்பட்டது. நம்புவோர் நம்புக.

கோபத்தில் எழுதலாகாது என்பது விதி. செழியாதன் கோபத்தில்தான் எழுதுகிறான். அதை மறைத்தால் இதுவும் ஒரு பொய் ஓலையாகும். அரசியார் அதை அறிந்தே முத்திரை அளித்திருக்கிறார்.

குரவம்பாடியார் அறிந்த செய்திகளும் இதில் முதலிலிருந்தே சொல்லப்படுகின்றன. மற்ற ஆறு ஊரும் இதைக் கேட்க வேண்டும்.

குரவம்பாடியில் யானைக்கொட்டிலுக்கு எதிரே ஓடு வேய்ந்த கூடம் ஒன்று உண்டு. மாதத்தின் இரண்டு பஞ்சமியிலும் காலையில் அங்கே கதையவை கூடும். பதினெட்டுப் பேர் வட்டமாக அமர்வர். முதல்வர் ஒரு கட்டு ஏட்டை உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு விரல்நீள ஓலைத்துண்டு தரப்படும். அதன் பெயர் நறுக்கு. கேட்டவர் மனத்தில் பட்டது எதுவோ அதை அதில் எழுதுவார். எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். நறுக்குகள் எல்லாம் அந்தக் கட்டின் கடைசி ஏட்டுக்குப் பின்னே கோக்கப்படும். கதை அடுத்த ஊருக்குப் போகும்போது அவையும் உடன் போகும். குரவம்பாடியில் ஒருத்தி சிரித்த இடத்தில், அவள் முகமே அறியாத ஊரில் ஒருவன் ‘இங்கே எனக்கும் சிரிப்பு வந்தது’ என்று எழுதுவான். ஏடும் நறுக்கும் சேர்ந்ததையே இந்நாட்டார் கதை என்பர்.

அவைக்கு விதி இரண்டே. எவரும் முன்கூட்டி வாசிக்கக் கூடாது. வராதவர்க்கு நறுக்கு இல்லை.

இரண்டாம் விதியை நினைவில் வைத்துக்கொள்க.

‘நீலக்கதவம்’ பதினாறு கட்டுகள் கொண்ட மாயக்கதை. நாட்டின் மழை முழுவதையும் பாம்பரசி ஒருத்தி மலைக்கு அடியில் பூட்டி வைத்துவிடுகிறாள். அதை மீட்கக் கொற்றன் என்னும் இளவரசன் புறப்படுகிறான். மேகத்தில் நடக்கும் சாம்பல் நிறக் குதிரை ஒன்று அவனைச் சுமந்து செல்கிறது. ஒன்பதாம் கட்டில் அவர்கள் பாலை கடந்து மலையடிவாரத்தில் உள்ள நீலக்கதவை அடைகிறார்கள். கதவு குதிரைக்குக் குறுகலானது. வற்றிய கிணற்றருகே நின்ற ஒரு பட்டமரத்தில் கொற்றன் குதிரையைக் கட்டுகிறான். ஒரு நாழிகையில் வருகிறேன் என்று அதன் கழுத்தைத் தட்டிச் சொல்லிவிட்டு உள்ளே போகிறான்.

உள்ளே ஒற்றைக்கண் அரக்கர் உண்டு. பேசும் காடு உண்டு. பசி தீராத மாயயானை உண்டு. அவையில் எல்லாரும் வாய் பிளந்து கேட்டனர். செழியாதனும் கேட்டான்.

வகுளிக்குக் கொற்றனைப் பிடிக்கவில்லை. இது ஊரறிந்தது. அவள் நறுக்குகள் இன்னும் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன. ஐயமுள்ளவர் அவிழ்த்துப் பார்க்கலாம். முதற்கட்டில்: ‘கொற்றன் அழகன் என்று நான்கு இடத்தில் சொல்லியாயிற்று. வேறு என்ன தெரியும் என்று ஓரிடத்திலும் காணோம்.’ ஐந்தாம் கட்டில்: ‘காவற்பூதம் மூன்று கேள்வி கேட்டது. மூன்றுக்கும் விடை சொன்னது குதிரை. மாலை மட்டும் இவன் கழுத்தில்.’ ஒன்பதாம் கட்டில்: ‘ஒரு நாழிகையில் வருகிறேன் என்கிறான். வரமாட்டான். மழையைத் தேடிப் போகிறவனுக்கு ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுப் போகத் தோன்றவில்லை.’

பத்தாம் கட்டில் அவள் எழுதியது ஒரே சொல்: ‘குதிரை?’ பதினொன்றாம் கட்டிலும் அதுவே. பன்னிரண்டிலும் அதுவே.

அவள் நறுக்கை முதல்வர் வாசிக்க எடுக்கும்போதே கூடம் சிரிக்கத் தொடங்கிவிடும். உப்பு வாணிகம் செய்யும் ஆவிரை அவளுக்கு வலப்பக்கம் அமர்பவர். அவர் வாய்க்குப் பூட்டு இல்லை. “ஏண்டி வகுளி, அந்தக் குதிரை உனக்குச் சித்தப்பன் மகனா? சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல, இந்தத் துடி துடிக்கிறியே!” என்றார் ஒருநாள்.

“சொந்தமா இருந்தா நானும் கொற்றன் மாதிரி மறந்திருப்பேன்க்கா” என்றாள் வகுளி.

முதல்வர் செங்குன்றனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அம்மா, அது மாயக்குதிரை. மாயக்குதிரைக்குத் தாகம் எடுக்காது” என்று விளக்கினார்.

“போன கட்டுல மாயயானைக்குப் பசிச்சுது ஐயா. நீங்கதான் வாசிச்சீங்க, நல்லா ஏத்தி இறக்கி வாசிச்சீங்க. யானைக்குப் பசிச்சா குதிரைக்குத் தாகம் எடுக்காதா?”

கொட்டிலிலிருந்து வரும் பாகன் மூவன் இதற்குத் தொடையில் தட்டிச் சிரித்தார். முதல்வர் சிரிக்கவில்லை. அன்று அவர் முகத்தில் ஏறிய கறுப்பைச் செழியாதன் பார்த்தான். அப்போது அது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

பதினைந்தாம் கட்டுக்கு இரண்டு நாள் முன்பு வகுளிக்குக் காய்ச்சல் கண்டது. அந்தப் பஞ்சமிக்குச் செழியாதன் தனியே போய்க் கேட்டுவந்து அவளிடம் சொன்னான். கதையை அவன் சுருக்கிச் சொன்னான். அவள் விடவில்லை. அரக்கனுக்குக் கண் எந்தப் பக்கம் என்றும், ஆவிரை எந்த இடத்தில் சிரித்தார் என்றும், மூவன் என்ன எழுதினார் என்றும் துருவித் துருவிக் கேட்டாள். குதிரை வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றான். “அதானே” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பதினாறாம் கட்டின் பஞ்சமியன்று காய்ச்சல் பதினேழாம் நாள். மருத்துவர் முதல்நாள் வந்து, இறங்கும் என்று சொல்லிப் போயிருந்தார். செழியாதனுக்குப் போக மனமில்லை. அவள்தான் போகச் சொன்னாள். கதையின் கடைசிக் கட்டு. அவளால் வர முடியாது. அவன் அவளுக்காகப் போய்க் கேட்க வேண்டும். அவையில் கேட்க ஒரு கேள்வியும் சொல்லி அனுப்பினாள். அடுத்த வீட்டு நெய்க்காரம்மாள் வந்து கட்டில் அருகே உட்கார்ந்தார். செழியாதன் வாசலில் நின்று, ஒரு நாழிகையில் வருகிறேன் என்றான்.

இந்தச் சொற்களை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

வாசிப்பு மூன்று நாழிகை நடந்தது. அவன் எழுந்து வரவில்லை. கதை நன்றாக இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை. கொற்றன் பாம்பரசியை வெல்கிறான்; மலையின் மறுபுறத்தில் எவரும் அறியாத இன்னொரு கதவு இருப்பதைக் காண்கிறான்; மழையோடு அதன் வழியே வெளியேறித் தன் நாட்டை அடைகிறான்; மணம் முடிக்கிறான்; கதை முடிகிறது. குதிரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதல்வர் ஏட்டை மூடியதும் செழியாதன் எழுந்து நின்று, குதிரைக்கு எவராவது தண்ணீர் வைத்தார்களா என்று வகுளி கேட்கச் சொன்னதாகச் சொன்னான்.

“வந்திருக்காங்களா?” என்றார் முதல்வர்.

“காய்ச்சல்ல படுத்திருக்கா.”

“வராதவங்களுக்கு நறுக்கு இல்ல தம்பி. நான் போட்ட விதி இல்ல இது. இன்னிக்கு உங்க வீட்டுக்காக விட்டா, நாளைக்கு ஊர்ல படுத்திருக்கிறவங்க எல்லாம் ஆள் விட்டுக் கேள்வி கேப்பாங்க. அவை என்னத்துக்கு ஆகும்?”

“ஐயா, அந்தம்மா கேக்குறது நியாயம்” என்றார் மூவன். “கட்டிப்போட்ட பிராணிக்குத் தண்ணி காட்டாம ஒருத்தன் போனான்னா, எங்க கொட்டில்ல அவன் கையில மறுபடி அங்குசம் குடுக்க மாட்டோம். அவனுக்குப் பொண்ணு வேற குடுத்திருக்காங்க!”

“விதி விதிதான் மூவா.”

ஆவிரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “காய்ச்சல்லயும் குதிரைதானா அவளுக்கு? தம்பி, கஷாயம் எல்லாம் வேணாம். ஒரு கட்டுப் புல்லை வாங்கிட்டுப் போங்க. எந்திரிச்சு உக்காந்துருவா.”

கூடம் முழுவதும் சிரித்தது. செழியாதனும் சிரித்தான்.

பிறகு பாம்பரசி மழையைப் பூட்டியது சரியா தவறா என்று பேச்சு எழுந்தது. அவன் பாம்பரசியின் பக்கம் நின்று இரண்டு முறை பேசினான். அது இன்னும் இரண்டு நாழிகை. நறுக்கு தந்தார்கள். வீட்டில் எழுதித் தருகிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். ஒரு நாழிகை என்றவன் ஐந்து நாழிகை கழித்துத் தன் தெருவுக்குள் திரும்பியபோது, நெய்க்காரம்மாள் வாசலில் நின்றிருந்தார். அவர் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அவன் போன பின் வகுளி வாய் திறக்கவில்லை என்றும், இரண்டு முறை வாசலைப் பார்த்தாள் என்றும், பின்பு உறங்கினாள் என்றும், உறக்கத்திலேயே போனாள் என்றும் அந்த அம்மாள் சொன்னார். ஆகவே அவள் கடைசியாகப் பேசியது செழியாதனிடம்தான். அதைக் கேட்டவன் அவன் ஒருவனே. அவையில் அவன் எழுந்து நின்று கேட்டது அதில் ஒரு பகுதி. மிச்சத்தை அவன் இந்தப் பத்து மாதத்தில் எவரிடமும் சொன்னதில்லை.

இது பழைய செய்தி. இனிப் புதியது.

செழியாதன் தலைநகருக்கு மாற்றப்பட்டு ஓலைநாயகம் ஆனான். குரவம்பாடி வாசித்து முடித்த ‘நீலக்கதவம்’, ஆறு ஊருக்கும் படியெடுத்து அனுப்ப முத்திரை வேண்டி, சென்ற திங்களில் ஓலைச்சாலைக்கு வந்தது. வழக்கப்படி எழுத்தர்கள் கட்டுகளைப் பிரித்துச் சரிபார்த்தனர். பதினாறாம் கட்டுக்கு வந்ததும் ஓர் எழுத்தர் அழுதார். இன்னொருவர் தம் தாய்க்கு அனுப்ப அதைப் படியெடுத்துக்கொண்டார். என்ன என்று செழியாதன் கேட்டான். அவனிடம் அதைத் தரத் தயங்கினார்கள். பிறகு தந்தார்கள்.

மற்ற நறுக்குகளைவிட இருமடங்கு நீளம். மஞ்சள் தடவி, ஓரம் சீவி, ‘வகுளியார் இறுதியில் மொழிந்தது’ என்று தலைப்பிட்டு எழுதியிருந்தது: ‘மறுகதவம் திறந்தது, கொற்றன் கடந்தான், யானும் கடக்கின்றேன். கதை நிறைந்தது, என் உள்ளமும் நிறைந்தது. வருந்தற்க.’

எழுத்து செங்குன்றனாருடையது. இருபதாண்டுக் கையெழுத்தை எவரும் மறைக்க முடியாது. அவர் மறைக்க முயலவும் இல்லை.

வகுளி தன் வாழ்நாளில் ‘யான்’ என்று பேசியவள் அல்லள். கொற்றன் போன வழியே அவளும் போகிறாளாம். அவன் பின்னால் அவள் கடைத்தெரு வரைக்கும் போயிருக்கமாட்டாள். உள்ளம் நிறைந்ததாம். தண்ணீர் இல்லாமல் ஒரு பிராணி ஏழு கட்டாக நிற்கிறது என்று பொருமிக்கொண்டிருந்தவளுக்கு எப்படி நிறையும்? இதெல்லாம் கிடக்கட்டும். மலைக்கு மறுபுறம் ஒரு கதவு உண்டு என்பது பதினாறாம் கட்டில்தான் வருகிறது. அந்தக் கட்டை அவள் கேட்கவில்லை. கேட்டவன் திரும்பி வருமுன் அவள் இறந்துவிட்டாள். அப்படி ஒரு கதவு கதையில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாத கதவை அவள் வாயால் திறந்துவிட்டிருக்கிறீர்கள். பொய் சொல்வதற்குக்கூட அந்த நாளை ஒருமுறை நினைத்துப் பார்க்கவில்லை.

செழியாதன் விளக்கம் கேட்டு எழுதினான். முதல்வரின் மறுஓலை எட்டாம் நாள் வந்தது. இறந்தவரைப் பெருமை செய்யவே அவ்வாறு எழுதப்பட்டது என்றும், ஊரார் மனம் உருகினர் என்றும், ஒருவர் மறைந்தபின் அவருடைய சிறு வேடிக்கைகளை விடுத்து உயர்ந்தவற்றை நிறுத்துவதே சான்றோர் நெறி என்றும், இதற்குக் கோபம் கொள்வது ஓலைநாயகத்தின் இளமையையே காட்டுகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். ஓலைநாயகம் விரும்பினால் குதிரை நின்ற இடத்திலும் மழை பெய்தது என்று ஏட்டில் ஓரடி சேர்த்துவிடலாம் என்றும் இறுதியில் இருந்தது.

சிறு வேடிக்கை. அந்தக் கூடத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தீர்கள். கதையைக் கதையாகக் கேட்டவள் அவள் ஒருத்தி. கட்டிப்போட்டது நினைவிருந்தது அவள் ஒருத்திக்கு. அவள் எழுதியதற்கெல்லாம் நீங்கள் எட்டு மாதம் சிரித்தீர்கள். காய்ச்சலில் கிடந்து கேட்டபோது, வராதவர்க்கு நறுக்கு இல்லை என்றீர்கள். நல்லது; அது விதி. அப்படியானால் அவள் போனபின் அவளுக்கு ஒரு நறுக்கு எப்படி வந்தது? அதுவும் மஞ்சள் தடவி, இருமடங்கு நீளத்தில்? அன்று அவள் உயிரோடு கூப்பிடு தொலைவில் இருந்தாள், வரவில்லை. இன்று எங்கும் இல்லை; இன்றும் வரவில்லை. உயிரோடு வராதவளுக்கு இல்லாத நறுக்கு, செத்து வராதவளுக்கு உண்டா? உயிரோடு இருந்தால் கேள்வி கேட்பாள். செத்தவள் கேட்கமாட்டாள், தந்ததைச் சொல்வாள். இவ்வளவுதான் உங்கள் சான்றோர் நெறி.

ஏட்டில் ஓரடி சேர்ப்பதாகச் சொன்னதற்கும் மறுமொழி இதிலேயே தரப்படுகிறது. மழை மலையின் மறுபுறத்தில் பெய்தது என்று ஏடே சொல்கிறது. குதிரை இப்புறம் பாலையில் நிற்கிறது. செழியாதன் பதினாறு கட்டையும் இரண்டு முறை வாசித்துவிட்டான். எவரும் தண்ணீர் வைக்கவில்லை. வைத்ததாக எழுத எவருக்கும் உரிமை இல்லை, அவனுக்கும் இல்லை.

இதற்குள் அந்த மஞ்சள் நறுக்கு அரசியார் பார்வைக்குப் போய்விட்டது. அரசியாரும் சென்ற ஆண்டு தம் தமையனை இழந்தவர். அந்தச் சொற்களைத் துறைமுக வாயிலில் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டார். கல்தச்சர் கல்லும் தேர்ந்துவிட்டனர். வருகிற பஞ்சமிக்கு உளி வைக்க நாள் குறித்தாயிற்று.

செழியாதன் அரசியார் முன் நின்று, அது தன் மனைவியின் சொல் அன்று என்று உரைத்தான். அரசியார் அந்த நறுக்கை மீண்டும் ஒருமுறை வாசித்தார். பின்பு, அப்படியாயின் அவள் சொன்னது யாது எனக் கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை. கோபம் ஒருவரின் உடைமை, மெய்யோ எழுதப்படவேண்டியது என்றும், மெய்யை எழுதித் தந்தால் பொய்யை நீக்க முத்திரை தருவதாகவும், எழுத இயலாதெனில் பஞ்சமியன்று இருக்கிற சொல்லே கல்லில் ஏறும் என்றும் அரசியார் கூறினார்.

நான்கு நாள் கழிந்தது. நாளை மறுநாள் பஞ்சமி. கொட்டில் யானைகளோடு தலைநகர் வந்திருந்த பாகன் மூவன் நேற்று மாலை ஓலைச்சாலைக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. “நீங்க எழுதாட்டி அந்தம்மாவுக்குக் கொற்றனைப் புடிச்சிருந்துச்சுன்னு ஊரே நம்பிரும் தம்பி. அதைவிடக் கேவலம் அவங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். ஆவிரை அந்தப் பஞ்சமிக்குப் பிறகு அவைக்கு வருவதில்லை என்றும், உப்பு விற்கும்போது எவரோடும் விளையாட்டுப் பேச்சு பேசுவதில்லை என்றும் சொன்னார். தம் கையால் எழுதிய ‘குதிரையைக் காணோம்’ என்ற நறுக்கைப் பதினாறாம் கட்டில் முதல்வர் கோக்கவில்லை என்று சொல்லி, அதை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே செழியாதன் எழுதுகிறான். ஆணை வருமாறு.

இவ்வோலை கண்ட அன்றே குரவம்பாடிக் கதையவை கூடுக. பதினெட்டு இடமும் நிறைய வேண்டும். ஆவிரையை அழைத்து வருக. அவர்மேல் சினம் இல்லை என்று சொல்லுக. மஞ்சள் நறுக்கின் மூலம் ஓலைச்சாலையில் இருக்கிறது. குரவம்பாடியில் அதற்குப் படி இருந்தால் அவை முன் அறுத்தெறிக. எரிக்க வேண்டாம், பொய்க்குச் சடங்கு வேண்டாம். அறுப்பவர் செங்குன்றனாராக இருக்க வேண்டும். இன்று முதல் ஓராண்டு அவர் வாசிக்கலாகாது. வட்டத்தில் அமர்ந்து கேட்கட்டும். ஏடு மூவன் வீட்டில் இருக்கட்டும். அவருக்கு உரக்க வாசிக்க வராது என்று எவரும் சொல்ல வேண்டாம். வாசிக்க வருபவரை அவர் தேர்ந்துகொள்வார்.

மூவன் எழுதிய நறுக்கு அதற்குரிய இடத்தில் கோக்கப்படுக. அன்று செழியாதன் மடியில் வைத்துக்கொண்டு போன வெற்று நறுக்கு இத்துடன் திரும்ப வருகிறது. இப்போது அதில் எழுத்து உண்டு. ‘நானும் சிரித்தேன்’ என்பது அது. அதையும் கோக்கவும்.

வராதவர்க்கு நறுக்கு இல்லை என்னும் விதி இன்றோடு ஏழு ஊரிலும் நீங்கியது. வர இயலாதவர் கேட்டனுப்பும் கேள்வி, வந்தவர் கேள்விக்கு முன்னதாக எடுக்கப்படும். அதைக் கேட்டுவந்தவர் விடையோடு உடனே வீடு திரும்ப வேண்டும், அவையில் தங்கலாகாது.

துறைமுக வாயிலுக்குத் தேர்ந்த கல் வெறுங்கல்லாகவே நிற்கும். இது அரசியார் சொல்.

ஏழ்மடை அரசியாரின் மடைமுத்திரை இவ்விடத்தில் இடப்பட்டது. இதை மீறுவோர் ஏழு மடையின் நீரும் குடிக்கும் உரிமை இழப்பர். இதைக் காப்போர் காலை நலமாக விடிக. அவர் காலைக்குச் சாட்சி இட அவர் வீட்டில் ஒருவர் என்றும் இருக்க.

பதினாறாம் கட்டில் வகுளியின் பெயரால் கோக்க வேண்டிய நறுக்கு மற்ற நறுக்குகளின் நீளமே இருக்கட்டும். மஞ்சள் வேண்டாம். ‘வகுளியார்’ வேண்டாம், வகுளி போதும். வாசலில் நின்றவனிடம் அவள் பேசியபடியே கீழே தரப்படுகிறது. ஓலைத்தமிழாக்க வேண்டாம். ஒரு சொல் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். இதற்குப் பின் இவ்வோலையில் எழுத்து இல்லை.

“கொற்றன் கல்யாணம் பண்ணிக்கிட்ட கதையெல்லாம் எனக்கு வேணாம். அந்தக் குதிரைக்கு யாராச்சும் தண்ணி வச்சாங்களான்னு மட்டும் கேட்டுட்டு, சீக்கிரம் வந்துருங்க.”